கூலியை யார் தீர்மானிக்கிறார்கள்? டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், சனிக்கிழமை காலைகளில் சம்பளச் சீட்டையும் வேலைநீக்கக் கடிதத்தையும் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு என்னால் ஆன உதவியைச் செய்து வருகிறேன். தையல் தொழிற்சாலையில் மெஷினில் உட்கார்ந்திருந்த காலத்தில் கூட வேலை செய்தவர்கள் என்னை ஷாப் ஸ்டூவர்டாக, அதாவது தொழிற்சாலைக்குள் சங்கத்தின் பிரதிநிதியாக, தேர்ந்தெடுத்தார்கள். தொழிலாளர் சட்டத்தை நான் படித்தது அந்த வேலையில்தான். என்னிடம் வருகிறவர்களில் இங்கேயே நான்கைந்து தலைமுறையாக வாழ்கிறவர்கள் உண்டு. கோயில் வேலைக்கும் சமையல் வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. தமிழில் வாசிக்கிறவர்களுக்காக அவர்களுடைய கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். குறைந்தபட்சக் கூலிக் கணக்குகள் 2025 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்த அளவை ஒட்டியவை. அந்த அளவு ஆண்டுதோறும் மார்ச்சில் மாறும்.

கூலியும் ஒரு விலைதானே? தக்காளி விலைபோலத் தானாக ஏறி இறங்கட்டும். சட்டம் எதற்கு?

ஆள் அதிகம், வேலை குறைவு என்றால் கூலி இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் தக்காளி வியாபாரி ஒரு கடையில் விலை படியவில்லை என்றால் பத்துக் கடைக்குப் போவார். உழைப்பை விற்கிறவரால் அப்படி அலைய முடியாது. இன்று விற்காத ஒரு நாள் உழைப்பு நாளைக்கு மிஞ்சாது. வீட்டு வாடகையோ மாத முதல் தேதியில் வந்து நிற்கும். முதலாளியால் இரண்டு வாரம் பொறுக்க முடியும், தொழிலாளியால் முடியாது. பேரம் தொடங்கும்போதே ஒரு தட்டு தாழ்ந்துதான் இருக்கிறது.

ஒரு வட்டாரத்தில் ஒரே சர்க்கரை ஆலை இருந்தால் அங்கே வேலை கொடுக்கிறவர் ஒருவர்தான். அவர் சொல்வதுதான் கூலி. இந்த நிலையைப் பொருளியலில் முதலில் தெளிவாக எழுதியவர் ஜோன் ராபின்சன் என்ற பிரிட்டிஷ் அறிஞர், 1933-இல். வேலை கொடுப்பவரின் கை அப்படி ஓங்கியிருக்கும் இடத்தில் கூலியைச் சட்டத்தால் ஓரளவு உயர்த்தினாலும் வேலை குறையாது, சில நேரம் கூடவும் செய்யலாம் என்பது அந்தக் கணக்கின் முடிவு. டர்பனை ஒட்டிய உம்ஹ்லாங்கா கடைத்தெருவுக்கும் உள்நாட்டுக் கரும்புத் தோட்டத்துக்கும் ஒரே விதி செல்லாததற்குக் காரணம் இதுதான்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. யார் வேலை தேடலாம், எந்த ஊரில் குடியிருக்கலாம், யார் சங்கம் சேரலாம், யாருக்குத் 'தொழிலாளி' என்ற பெயரே உண்டு என்பதையெல்லாம் முடிவு செய்த பிறகுதான் சந்தை என்று ஒன்று நடக்கவே முடியும். தென்னாப்பிரிக்காவில் அந்த முடிவுகளை அரசாங்கம் எடுத்தது. கூலி அதன் பின்னால் வந்தது. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் நான் சொல்வது இதைத்தான்.

ஒப்பந்தக் கூலி காலத்துக் கதைக்கும் இன்றைய சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. 1911-இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்படும் வரை 1,52,184 பேர் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு, கூடவே படி அரிசி.

ஏன் கடல் தாண்டி ஆள் கொண்டுவந்தார்கள்? நேட்டாலில் மனிதர்கள் இல்லாமலா? ஜூலு மக்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நிலமும் மாடும் இருந்தன. தோட்டக்காரர், அதாவது கரும்புத் தோட்ட முதலாளி, கொடுக்க நினைத்த கூலிக்குக் கரும்பு வெட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. 'ஆள் கிடைக்கவில்லை' என்று தோட்டக்காரர்கள் அன்றைக்கு முறையிட்டார்கள். இன்றைக்கும் முதலாளிகள் அப்படிச் சொல்லும்போது 'அந்தக் கூலிக்கு' என்ற சொல்லை முன்னால் சேர்த்துப் படியுங்கள், விஷயம் விளங்கும். கூலியை உயர்த்துவதற்குப் பதிலாக, ஐந்தாண்டுக்கு வேலையை விட்டு விலக முடியாத ஆட்களைச் சட்டத்தின் துணையோடு இறக்கினார்கள். அதே நேரத்தில் ஆப்பிரிக்கர்கள் மீது குடிசை வரியும் பின்னால் தலைவரியும் போட்டு, ரொக்கம் தேடி வேலைக்கு வரவேண்டிய நிலைக்கு அவர்களையும் தள்ளினார்கள்.

ஒப்பந்தம் முடிந்த பிறகு நம்மவர்கள் காய்கறி பயிரிட்டார்கள், கூடை தூக்கி விற்றார்கள், மீன் பிடித்தார்கள். அது தோட்டக்காரருக்கும் பிடிக்கவில்லை, வெள்ளை வியாபாரிக்கும் பிடிக்கவில்லை. 1895-ஆம் ஆண்டின் சட்டம், மறுபடியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலும் ஊர் திரும்பாமலும் இங்கேயே தங்குகிறவர் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டில் ஒருவருக்கு மாதக் கூலி 14 ஷில்லிங். நான்கு மாதக் கூலிக்கும் மேல் வரிக்கே போய்விடும். பின்னால் 16 வயதுப் பையன்களும் 13 வயதுப் பெண்பிள்ளைகளும்கூட இந்த வரிக்குள் வந்தார்கள். கஜானாவை நிரப்ப வந்த வரி அல்ல இது. 'திரும்பிப் போ, இல்லாவிட்டால் மறுபடி தோட்டத்துக்குப் போ' என்பதற்காக வந்த வரி. 1913 அக்டோபரில் நேட்டாலின் உள்நாட்டு ஊரான நியூகாசிலில் நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் கடற்கரைக் கரும்புத் தோட்டம் வரை பரவியது. 1914-இல் வரி நீங்கியது. நம் வீடுகளில் காந்தியின் படமும் தில்லையாடி வள்ளியம்மையின் படமும் மாட்டியிருக்கிறோம். அவற்றோடு, சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலையை நிறுத்திச் சிறைக்குப் போன பெயர் தெரியாத கூலித் தொழிலாளர்களையும் நினைக்க வேண்டும். வரி போனதற்கு அவர்கள் வேலையை நிறுத்தியதே பெரிய காரணம்.

'தொழிலாளி' என்றால் வேலை செய்கிறவர். இதில் சட்டம் முடிவு செய்ய என்ன இருக்கிறது?

1922-இல் ஜோஹானஸ்பர்க் பகுதியில் வெள்ளைச் சுரங்கத் தொழிலாளர்கள் கிளர்ச்சி செய்தார்கள். அது ராணுவத்தால் அடக்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து, 1924-இல், தொழில் சமரசச் சட்டம் வந்தது. முதலாளிகளும் சங்கங்களும் உட்கார்ந்து கூலி பேச மன்றங்கள், அங்கே எட்டிய உடன்பாட்டை அந்தத் தொழில் முழுவதற்கும் அரசு விரிவாக்கும் அதிகாரம் என்று நல்ல ஏற்பாடுகள் அதில் இருந்தன. ஆனால் 'தொழிலாளி' என்ற சொல்லுக்கு எழுதிய விளக்கத்தில், பாஸ் (நடமாட்ட அனுமதிச் சீட்டு) வைத்திருக்க வேண்டிய ஆப்பிரிக்கர்களை விட்டுவிட்டார்கள். பண்ணை வேலையும் வீட்டு வேலையும்கூட வெளியே நின்றன. ஒரே கூரையின் கீழ், ஒரே மெஷினில் வேலை செய்தாலும் ஒருவருக்குச் சங்கத்தின் பேச்சு உண்டு, இன்னொருவருக்கு இல்லை.

இந்தியத் தொழிலாளர்கள் இந்த வேலிக்கு உள்ளே இருந்தார்கள். டர்பன் தையல் தொழிலிலும் மரச்சாமான் தொழிலிலும் ஓட்டல்களிலும் நம்மவர்கள் பதிவுபெற்ற சங்கத்தில் சேர முடிந்தது. வெள்ளையருக்குக் கீழேதான், 1956-க்குப் பிறகு சில வேலைகளை ஓர் இனத்துக்கு மட்டும் ஒதுக்கும் விதியும் சேர்ந்துகொண்டது. இருந்தாலும் உள்ளேதான் இருந்தோம். நம் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதில் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. அந்த வேலியின் பங்கும் இருக்கிறது. இதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

1973 டர்பன் வேலைநிறுத்தம் என்கிறார்களே, அதில் என்ன நடந்தது?

அந்த ஆண்டு ஜனவரி 9 அன்று கொரனேஷன் செங்கல், ஓடு தொழிற்சாலையில் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சட்டப்படி அவர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை, பேச ஒரு சங்கமும் இல்லை. 'தலைவர்களை அனுப்புங்கள், பேசுவோம்' என்றபோது யாரையும் அனுப்ப மறுத்துவிட்டார்கள். தலைவர் என்று முன்னால் நின்றவர் மறுநாள் சிறையில் இருப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்து நெசவு ஆலைகள், துறைமுகம், நகராட்சி என்று பரவியது. முதல் மூன்று மாதங்களில் 60,000-க்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். பல ஆலைகளில் இந்தியத் தொழிலாளர்களும் அவர்களோடு வந்தார்கள்.

கூலி உயர்வு சொற்பம்தான். ஆனால் சங்கம் இல்லாத தொழிலாளி அமைதியான தொழிலாளி என்ற நம்பிக்கை அன்றோடு முடிந்தது. 1977-இல் தொழிலாளர் சட்டங்களை ஆராய வீஹான் ஆணையம் அமைந்தது. 1979-இல் ஆப்பிரிக்கத் தொழிலாளர்களின் சங்கங்களும் பதிவு பெறச் சட்டம் திருத்தப்பட்டது. 1985 டிசம்பரில் கொசாட்டு என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு பிறந்ததும் இதே டர்பனில்தான். இப்போது நாம் நம்பியிருக்கும் 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் அந்தச் செங்கல் சூளை வாசலிலிருந்து தொடங்கியது என்பேன்.

இவ்வளவு சட்டம் இருந்தும் மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லையே. சட்டம்தான் காரணமா?

2025 இரண்டாம் காலாண்டில் அதிகாரபூர்வ வேலையின்மை 33.2 சதவீதம். வேலை வேண்டும், ஆனால் தேடித் தேடி அலுத்து நிறுத்திவிட்டவர்களையும் சேர்த்தால் 42.9. 15 முதல் 24 வயதுக்குள் உள்ளவர்களில் 60-ஐத் தாண்டுகிறது. யாரை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே எண்ணும் மாறுகிறது, பாருங்கள்.

காரணம் ஒன்றல்ல. முதலில் தூரம். ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் குடியிருப்பை வகுத்த குழுப் பகுதிச் சட்டம் 1950-இல் வந்தது. நகரத்தின் நடுவே இருந்த குடும்பங்களைப் பெயர்த்து இந்தியர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கும் பின்னால் பீனிக்ஸுக்கும், ஆப்பிரிக்கர்களை உம்லாசிக்கும் குவாமாஷுவுக்கும் அனுப்பினார்கள். சட்டம் போய்விட்டது, வீடுகள் அங்கேயேதான் இருக்கின்றன. வேலை தேடுகிறவர் விண்ணப்பத்தின் பிரதி எடுக்கவும் டாக்ஸிக்கும் பணம் கொடுக்க வேண்டும். கையில் காசு இல்லாதவருக்கு வேலை தேடுவதே ஒரு செலவு.

அடுத்தது படிப்பு. ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்குத் தரம் குறைந்த கல்வி என்பதே ஒரு காலத்து அரசின் கொள்கை. சுரங்கமும் பண்ணையும் படிக்காதவர்களுக்கு இடம் கொடுத்த காலம் முடிந்தபோது, புதிதாக வந்த கடை, வங்கி, அலுவலக வேலைகள் அவர்களுக்கு எட்டவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் எப்போதும் கேட்பது இன்னொன்று: 'வேலை இல்லை என்றால் ஒரு தள்ளுவண்டி போடலாமே?' அங்கே வேலையிழந்தவர் இட்லிக் கடை போடுவார், ஆட்டோ ஓட்டுவார். புள்ளிவிவரத்தில் வேலையில்லாதவராக வரமாட்டார். இங்கே விவசாயம் இல்லாத அமைப்புசாராத் தொழில், மொத்த வேலையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். கறுப்பினத்தவர் நகரத்தில் கடை வைக்கவும் தெருவில் விற்கவும் பல தலைமுறைகள் தடை இருந்தது, நிலமும் பறிபோனது. கைத்தொழிலும் சிறு வியாபாரமும் தாத்தா, அப்பா, பிள்ளை என்று கைமாறி வரவேண்டியவை. அந்தச் சங்கிலியை அறுத்துவிட்டு, உரிமத்தைக் கொடுத்த மறுநாளே எல்லாரும் கடை போடட்டும் என்றால் நடக்காது. பேரங்காடிகள் டவுன்ஷிப்புக்குள்ளேயே, அதாவது அப்படிக் குடியமர்த்தப்பட்ட புறநகர்களுக்குள்ளேயே, வந்துவிட்டன. திருட்டுக்கும் வழிப்பறிக்கும் பயந்தே பலர் தொடங்குவதில்லை.

இவற்றோடு மெதுவான வளர்ச்சி, மின்வெட்டு, துறைமுகத் தாமதம். சட்டத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்களும் பெரிய சங்கங்களும் பேசி முடித்த கூலி, மேசையில் இடம் இல்லாத சிறு முதலாளிக்கும் செல்லும்போது சில இடங்களில் வலிக்கிறது. நியூகாசில் அப்படி ஓர் இடம்.

குறைந்தபட்சக் கூலி வேலையைக் கொல்கிறதா?

எவ்வளவு உயர்வு, எந்தத் தொழில், எவ்வளவு வேகம் என்று தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

2012 இறுதியில் கேப் திராட்சைப் பண்ணைகளில், டி டோர்ன்ஸ் ஊரில் தொடங்கிப் பெரிய போராட்டம் நடந்தது. அதன் விளைவாக 2013 மார்ச்சில் பண்ணைத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்கூலி 69 ராண்டிலிருந்து 105 ராண்டானது. ஒரே தாவலில் பாதிக்கும் மேல். கூலி உண்மையிலேயே கூடியது. பண்ணை வேலைகளில் ஒரு பகுதி குறைந்ததாகவும் ஆய்வுகள் காட்டின. வீட்டு வேலைக்கு 2002-இல் குறைந்தபட்சக் கூலி வந்தபோது கதை வேறு: கூலி ஏறியது, வேலைகள் பெரிதாகக் குறையவில்லை. நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலி 2019 ஜனவரி 1 அன்று மணிக்கு 20 ராண்ட் என்று தொடங்கியது. பண்ணைக்கு 18, வீட்டு வேலைக்கு 15. இந்த இரண்டும் பிறகு படிப்படியாக முழு அளவுக்கு உயர்த்தப்பட்டன. முன்கூட்டியே சொல்லப்பட்ட பேரழிவு நடக்கவில்லை. நடப்பது வேறொன்று: கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விடுவது. ஆய்வாளர் வராத கடையில் சட்டம் சுவரில் ஒட்டிய காகிதம்தான்.

இப்போது நியூகாசிலுக்கு வருகிறேன், ஏனென்றால் என் தொழில் அது. 1995-க்குப் பிறகு இறக்குமதித் தீர்வை வேகமாகக் குறைந்தது. சீனத் துணி வந்து குவிந்தது. டர்பனில் தலைமுறை தலைமுறையாக நம் பெண்கள் வேலை செய்த தையல் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. மிஞ்சியவற்றில் பல நியூகாசில் போன்ற உள்நாட்டு ஊர்களில் இருந்தன. அங்கே கூலி விகிதம் நகரத்தைவிடக் குறைவு. அதையும் பல தொழிற்சாலைகள் கொடுக்கவில்லை. 2010-இல் தையல் தொழிலின் பேர மன்றம் (முதலாளிகளும் சங்கங்களும் கூலி பேசும் அமைப்பு) அவற்றின் மேல் நடவடிக்கை எடுத்தபோது, கதவை மூடாதீர்கள் என்று தொழிலாளப் பெண்களே தெருவுக்கு வந்தார்கள். 2013-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம், மன்றத்தின் உடன்பாட்டை வெளியில் உள்ளவர்களுக்கும் விரிவாக்கியதை ரத்து செய்தது.

யார் பக்கம் நியாயம்? அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கூலி பாதியாவது வருகிற வீட்டுக்கும் ஒன்றும் வராத வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் நியூகாசிலில் பாதிக் கூலிக்குத் தைத்த சட்டை டர்பன் தொழிற்சாலையின் ஆர்டரைத்தான் தின்றது. பக்கத்து நாடான லெசோத்தோ இன்னும் குறைந்த கூலிக்குத் தைக்கும், அதற்கப்பால் இன்னொரு நாடு. அந்த ஓட்டத்தில் கீழே தரை என்று ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்பது என் எண்ணம். அந்தத் தரையை எங்கே போடுவது என்று முடிவு செய்யும் மேசையில் சிறு தொழிற்சாலைக்காரரும் அங்கே தைக்கிற பெண்ணும் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி நடக்காததுதான் நியூகாசிலின் குறை.

என் சம்பளம் சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

சம்பளச் சீட்டை எடுத்து மேசையில் விரித்து வையுங்கள். சீட்டே தருவதில்லை என்றால் முதல் மீறல் அங்கேயே இருக்கிறது.

முதலில் வேலை நேரத்தைப் பாருங்கள். சாதாரண வேலை வாரத்துக்கு 45 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாதத்துக்கு அது 195 மணி நேரம் ஆகும் (45 பெருக்கல் 52, வகுத்தல் 12). 2025 மார்ச் அளவுப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட். பெருக்கினால் 5,614 ராண்ட் 5 சென்ட். முழு நேர வேலை செய்கிறவரின் அடிப்படைச் சம்பளம் இதற்குக் கீழே இருக்கக் கூடாது. போக்குவரத்துப் படி, சாப்பாடு, டிப்ஸ், போனஸ் எதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக் காட்ட முடியாது. 'மதியச் சோறு போடுகிறோமே' என்று கழித்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். செல்லாது.

அடுத்து ஓவர்டைம்: ஒன்றரை மடங்கு. வழக்கமாக ஞாயிறு வேலை இல்லாதவரை ஞாயிறன்று கூப்பிட்டால் இரு மடங்கு. பிறகு யூ.ஐ.எஃப்., அதாவது வேலையின்மைக் காப்பீட்டு நிதி: உங்கள் சம்பளத்தில் 1 சதவீதம், முதலாளியின் பங்கு இன்னொரு 1 சதவீதம். மேலே சொன்ன சம்பளத்துக்கு உங்களிடம் 56 ராண்ட் பிடிப்பார்கள். சீட்டில் பிடித்தம் இருந்தாலும் நிதியில் கட்டியிருக்கிறார்களா என்று இப்போதே கேட்டுப் பாருங்கள். வேலை போன பிறகு கேட்டால் மிகவும் தாமதம்.

கூலியைக் குறைத்துக் கொடுத்தது உறுதியானால், முதலாளி பாக்கியைக் கொடுப்பதோடு அபராதமும் கட்ட வேண்டும். பாக்கியின் இரு மடங்கு, மாதச் சம்பளத்தின் இரு மடங்கு, இவற்றில் எது பெரிதோ அது.

பேர மன்றம் என்பது சங்கமா?

இல்லை. ஒரு தொழிலின் முதலாளிகள் அமைப்பும் சங்கங்களும் சேர்ந்து நடத்துவது. தையல், மரச்சாமான், லாரிப் போக்குவரத்து எனப் பல தொழில்களுக்கு உண்டு. அதன் கூலி, நாட்டின் குறைந்தபட்சத்தைவிட அதிகமாக இருந்தால் உங்களுக்குச் சேர வேண்டியது அந்த அதிகத் தொகைதான்.

லேபர் புரோக்கர் (ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரர்) மூலம் பல ஆண்டுகளாக ஒரே கிடங்கில் வேலை செய்கிறேன். நான் யாருடைய ஆள்?

வருமானம் சட்டத்தின் உச்சவரம்புக்குள் இருந்து, மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டால், பொதுவாக நீங்கள் அந்தக் கிடங்கு நிறுவனத்தின் தொழிலாளி. இன்னொருவரின் விடுப்புக்குப் பதிலாக வந்திருந்தால் விஷயம் வேறு. இந்த விதி 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 'இருவரும் முதலாளிகளா, ஒருவர் மட்டுமா?' என்ற வழக்கில், இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு ஒருவர்தான், வேலை வாங்குகிற நிறுவனம்தான் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. பக்கத்தில் நின்று அதே வேலை செய்கிற நிரந்தரத் தொழிலாளிக்குக் கிடைப்பதைவிடக் குறைவாக, நியாயமான காரணம் இல்லாமல், உங்களை நடத்தக் கூடாது. 1924-இல் கேட்ட கேள்வியே இதுவும்: யார் தொழிலாளி? இந்த முறை பதில் நம் பக்கம் வந்திருக்கிறது.

இந்தியர் என்பதால் அரசு வேலை கிடைப்பதில்லை என்கிறார்களே?

வேலை வாய்ப்பில் சமத்துவச் சட்டப்படி ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவருமே முன்னுரிமைக்குரியவர்கள். ஆனால் சில துறைகள் தேசிய மக்கள்தொகை விகிதத்தை மட்டும் வைத்து இலக்குப் போட்டன. இந்தியர் நாட்டில் 2.7 சதவீதம், குவாசூலு-நேட்டாலில் சுமார் 9. தேசியக் கணக்கை டர்பன் அலுவலகத்தில் வைத்தால் நம் பிள்ளைக்கு இடம் சுருங்கும். இந்த மனக்குறை உண்மையானது. சிறைத்துறை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், மாகாண விகிதத்தையும் பார்க்க வேண்டும் என்று 2016-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும்: இந்தியர்களிடையே வேலையின்மை ஆப்பிரிக்கர்களுடையதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. அந்த இடைவெளி எப்படி வந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

நம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், முழுவதும் பொருந்தும். இதை நம்மவர்கள் கேட்காமல் விடுவதால் நானே எழுதுகிறேன். 2022 மார்ச்சிலிருந்து வீட்டுப் பணியாளருக்கும் அதே மணிக்கூலிதான். மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்து அனுப்பினாலும் நான்கு மணி நேரக் கூலி கொடுக்க வேண்டும்: 2025 மார்ச் அளவுப்படி 115 ராண்ட் 16 சென்ட். மாதத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் வந்தால் யூ.ஐ.எஃப். பதிவு கட்டாயம். ஓய்வு நாள், ஆண்டு விடுப்பு, மகப்பேறு விடுப்பு எல்லாம் உண்டு. வேலையில் விபத்து ஏற்பட்டால் இழப்பீடு அவர்களுக்கு மட்டும் மறுக்கப்பட்டிருந்தது. பிரிட்டோரியாவில் வேலை செய்த வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்த ஒரு பெண்ணின் மகள் நீதிமன்றப் படி ஏறினார். 2020 நவம்பரில் அந்த விலக்கையும் அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கியது.

பத்து ஆண்டாக வருகிறார், குடும்பத்தில் ஒருத்திபோல என்று சொல்கிறோம். அப்படியானால் எழுத்தில் ஓர் ஒப்பந்தமும் மாதம் ஒரு சம்பளச் சீட்டும் கொடுப்பதில் நமக்கு என்ன தயக்கம்?

சமையல் வேலைக்கு ஊரிலிருந்து வந்தேன். பாஸ்போர்ட்டை முதலாளி வைத்திருக்கிறார், விசா அவர் பெயரில். என்ன செய்ய முடியும்?

பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ள அவருக்கு எந்த உரிமையும் இல்லை. உங்கள் விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருப்பதால் அவர் சொல்வதே கூலி என்று ஆகிவிடுகிறது. நம் முன்னோர் கையெழுத்திட்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் பிடியும் இதேதான். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. விசா காலாவதியானாலும், அனுமதியே இல்லாமல் வேலை செய்திருந்தாலும், தொழிலாளர் உறவுச் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு உண்டு என்று 2008-இல் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 'புகார் செய்தால் உன்னை அனுப்பிவிடுவார்கள்' என்ற மிரட்டலுக்குப் பயந்து கூலிப் பாக்கியை விட்டுவிடாதீர்கள். விசா விஷயத்துக்குத் தனியாக ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அது வேறு சட்டம், வேறு அலுவலகம்.

திடீரென்று வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். முதலில் எங்கே போக வேண்டும்?

சமரச, நடுவர் தீர்ப்பு ஆணையம், எல்லாரும் சி.சி.எம்.ஏ. என்பார்கள். கட்டணம் கிடையாது. நீக்கிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் 7.11 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஒரு பிரதியை முதலாளிக்கு அனுப்பி, அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ள வேண்டும். பலருடைய விண்ணப்பம் இந்தச் சான்று இல்லாமல்தான் திரும்பி வருகிறது.

முதல் கூட்டம் சமரசம். ஒரு மேசை, எதிரெதிரே இரு தரப்பு, நடுவில் ஆணையர். சங்கத்தில் இருந்தால் சங்க நிர்வாகி உங்களோடு உட்காரலாம். வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை. ஆணையர் சில நேரம் ஒரு தரப்பை வெளியே அனுப்பிவிட்டு மற்றவரிடம் தனியாகப் பேசுவார். இரண்டு மாதச் சம்பளம் தருகிறேன், முடித்துக்கொள்வோம் என்ற பேச்சு பெரும்பாலும் அப்போதுதான் வரும். கையெழுத்துப் போட்டால் கதை அங்கே முடிந்தது, மறுபடி திறக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்படாமல் பத்து நிமிடம் வெளியே போய் யோசிக்க நேரம் கேளுங்கள், கொடுப்பார்கள். அங்கே எது பேசினாலும் பின்னால் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. சமரசம் ஆகவில்லை என்றால் சான்றிதழ் தருவார்கள். அதிலிருந்து 90 நாட்களுக்குள் நடுவர் விசாரணை கேட்கலாம். அங்கே சாட்சி, ஆவணம் எல்லாம் உண்டு. நீக்கம் நியாயமற்றது என்று முடிவானால் வேலையைத் திருப்பித் தரச் சொல்லலாம், அல்லது பொதுவாக 12 மாதச் சம்பளம் வரை இழப்பீடு கிடைக்கலாம்.

யூ.ஐ.எஃப்.-க்கும் அதே வாரத்தில் விண்ணப்பியுங்கள். வழக்கு முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

30 நாள் கடந்துவிட்டது. இனி வழியே இல்லையா?

இருக்கிறது. தாமதத்தை மன்னிக்கும்படி தனி விண்ணப்பம் எழுதி, உறுதிமொழியோடு படிவத்துடன் சேர்க்க வேண்டும். எத்தனை நாள் தாமதம், ஏன், வழக்கில் வலு இருக்கிறதா, மன்னிக்காவிட்டால் யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்பதை ஆணையர் பார்ப்பார். மருத்துவமனையில் இருந்தீர்கள் என்றால் அந்தக் காகிதம், முதலாளி 'அடுத்த வாரம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்' என்று இழுத்தடித்தார் என்றால் அந்த வாட்ஸ்அப் செய்தி, இவையே காரணத்துக்குச் சான்று. ஒரு வாரத் தாமதத்துக்கும் ஆறு மாதத் தாமதத்துக்கும் ஒரே பதில் கிடைக்காது. ஆகவே இதைப் படித்த பிறகு இன்னொரு சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமை காலையிலேயே நேரே ஆணையத்துக்குப் போங்கள்.